கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா?

கட்டைக்காரன் (களியக்காவிளை)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 22 வருஷமாக சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ஞாயிறு இரண்டு ஆராதனை, நடுவில் கல்யாணம், அடக்கம், வீட்டுப் பிரதிஷ்டை, டிசம்பர் வந்தால் பாட்டுப் பவனி. வாரத்தில் நாலு நாளாவது கை கட்டை மேல்தான் இருக்கும்.

போன பெரிய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பகல் 12 மணி முதல் 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். ஆறாவது வார்த்தை, ‘முடிந்தது’. ஐயர் (எங்கள் போதகர்) அதைச் சொல்லிவிட்டு மேலே பேசாமல் அப்படியே நின்றுவிட்டார். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த நேரத்தில் நான் சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை கீழே அமுக்கிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அடுத்த பாட்டின் மேல் சுரத்தைப் பெண்கள் பக்கம் பிடிக்க முடியாமல் கீச்சென்று போனது, இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அசையவில்லை என்பதே ராத்திரி கஞ்சி குடிக்கும்போதுதான் உறைத்தது.

எங்கள் பாட்டி கோயில் காம்பவுண்டுக்கு வெளியே, புளியமரத்து மூட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். வாசலுக்கு இன்னும் ஐம்பது அடி நடக்கவேண்டும், அந்த மண்ணில் எல்லாம் சரல். ஏன் பாட்டி இவ்வளவு தூரத்திலேயே கழற்றுகிறாய் என்றால், “உள்ளே அவரு இருக்காரு மக்கா” என்பாள், சத்தம் தாழ்த்தி. நான் அதே கோயிலில் செருப்போடு ஆம்ப்ளிஃபயர் ஒயரைத் தாண்டிப் போகிறேன்.

சந்தேகம் ஒன்றும் கிடையாது. விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரமிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தலைப்பில் போட்டிருக்கிற பூனை நான்தான். உங்களில் யாருக்காவது அது வற்றாமல் இருக்கிறதா? இருந்தால் எப்படி? தயவுசெய்து ‘ஜெபம் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஜாய்ஸ்டீபன்

ஜெபம் பண்ணுங்க பிரதர்.

பனைவிளை

@ஜாய்ஸ்டீபன் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

அக்கினிநாவு (பாறசாலை)

பிரதர், உங்கள் மனசை உடைக்க எழுதவில்லை. நானும் உங்கள் மாதிரி பாரம்பரிய சபையில் பிறந்து வளர்ந்தவன்தான். பாமாலைப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவேன், மனசு வேறெங்கேயோ இருக்கும். 2009-ல் வெளியே வந்தேன். எங்கள் உபவாசக் கூடுகைக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள். தேவன் இறங்குகிற இடத்தில் யாருக்கும் சலிப்பு வராது. எழுதிவைத்த ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தால் ஆவி எங்கே அசைவாடும்?

நெறியாளர்

ஆள் பிடிக்கிற வேலை இங்கே வேண்டாம். அனுபவத்தைச் சொல்லலாம், அழைப்பிதழ் வேண்டாம்.

கட்டைக்காரன்

அக்கினிநாவு பிரதர், ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பக்கத்துக் கூடுகைகளிலும் மூன்று வருஷம் வாசித்திருக்கிறேன், எந்தச் சபை என்று சொல்ல வேண்டாம். ஜெபம் ஏறிக்கொண்டே போகும். பாஸ்டர் கண்ணைத் திறக்காமல் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து இரண்டு விரலைத் தூக்குவார். அது எனக்கான சைகை. நான் ஸ்ட்ரிங்ஸ் பேடை (வயலின் கூட்டம்போல இழுத்து ஒலிக்கிற சத்தம்) மெதுவாக ஏற்றுவேன், வலது காலால் பெடலை அமுக்கி. முழுசாக ஏற்றி, அப்படியே ஒரு கார்டு மேலே தூக்கினால் முன்வரிசையில் அழ ஆரம்பிப்பார்கள். ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை.

அவர்கள் அழுதது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அழுகை எந்தப் பெடலில் இருந்து வருகிறது என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் எனக்கு எப்படி வரும்?

அக்கினிநாவு

சரி. அந்தச் சைகை எனக்கும் தெரியும், பாஸ்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

நான் ஒன்று கேட்கிறேன். 2009 வரைக்கும் நான் குடிகாரன். களியக்காவிளையில் இந்தப் பக்கம் கடை அடைத்தால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் அடைத்தால் இந்தப் பக்கம். எல்லை இருந்ததே எனக்கு வசதி. ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தில் முகங்குப்புற விழுந்தேன். இன்றைக்கு வரைக்கும் தொடவில்லை. அதுவும் பெடலா?

கட்டைக்காரன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை பிரதர். மன்னியுங்கள்.

ஊசலாட்டம் (நாகர்கோவில்)

கட்டைக்காரன் தம்பி, 30 வருஷம் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பெடல் கதையைப் படித்ததும் காற்றாடிமலை ஞாபகம் வந்தது.

தெரியாதவர்களுக்கு: ஆரல்வாய்மொழிப் பக்கம், 1752 ஜனவரி 14-ல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற இடம். நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர், டச்சுத் தளபதி டிலனாய் மூலம் விசுவாசத்துக்கு வந்து 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவரைச் சுட்டபோது மலையிலிருந்து ஒரு பாறை விழுந்து மணிபோல ஒலித்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மணியடிச்சான் பாறை என்று பெயர். இன்றைக்கும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

எப்படிக் கேட்கிறது? மண்ணில் முழுசாகப் படிந்து கிடக்கிற பாறையைத் தட்டினால் ‘டொக்’ என்று செத்துப்போகும், அடியின் வேகத்தை மண் குடித்துவிடும். சில இடங்களில் மட்டும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிற பாறைக்கு அதிர இடம் இருக்கிறது. உள்ளே விரிசல் இல்லாமல் இறுக்கமாகவும் இருந்தால் அதிர்வு சட்டென்று அடங்காது. நம் பாறை மட்டும் இல்லை. கர்நாடகத்தில் பல்லாரிக்குப் பக்கத்தில் குப்கல் குன்றில் புதிய கற்கால ஆட்கள் தட்டித் தட்டியே குழியாக்கிய பாறைகள் இப்படி ஒலிக்கின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மைதானம் நிறைய இருக்கின்றன. அவ்வளவு ஏன், சுசீந்திரம் கோயிலில் இசைத்தூணைத் தட்டிக் கேட்காதவர் நம் மாவட்டத்தில் யார்?

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இதையெல்லாம் விளக்கினேன். ஒரு பையன் முகம் வாடி, “அப்போ அற்புதம் இல்லையா சார்?” என்றான். அந்த நேரத்தில் எனக்குப் பதில் ஓடவில்லை. ஒரு கல்லைக் கொடுத்து, நீ தட்டு என்றேன். தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடி தட்டினான். வேனில் ஏறச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. காரணத்தைக் கரைத்துக் குடித்த எனக்கும் இன்றுவரை அந்தச் சத்தத்தில் முழங்கை மயிர் நிற்கிறது.

அதனால் ‘எப்படி வருகிறது என்று தெரிந்ததால் வற்றிவிட்டது’ என்ற உங்கள் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேடை நீங்கள் ஏற்றியது அழவைப்பதற்கு. பாறைக்கு யாரையும் அழவைக்கிற உத்தேசம் இல்லை. உங்களுக்கு வற்றியது தெரிந்துகொண்டதால் அல்ல, கையாண்டதால்.

குருத்தோலை

தெக்கன் குரிசுமலை ஏறிப் பாருங்கள் அண்ணா. வெள்ளறடையில் இருந்து ராத்திரியில் ஏறினால் உச்சியில் ஒரு கால் கேரளா, ஒரு கால் தமிழ்நாடு. விடியும்போது நிற்கவேண்டும்!

கட்டைக்காரன்

ஏறியிருக்கிறேன் தம்பி. முட்டுவலிதான் ஞாபகம் இருக்கிறது.

ஊசலாட்டம் சார், ‘கையாண்டதால்’ என்ற சொல் குத்துகிறது. ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது.

பழைய அங்கி (மார்த்தாண்டம்)

ஓய்வுபெற்ற போதகர் எழுதுகிறேன். சார் சொன்ன ‘கையாண்டதால்’ என்பதற்கு வேதத்தில் ஒரு ஆள் இருக்கிறான். ஊசா.

தேவனுடைய பெட்டியை வண்டியில் கொண்டுபோகிறபோது மாடுகள் மிரண்டன, ஊசா கையை நீட்டிப் பிடித்தான், அங்கேயே செத்தான். இரண்டாம் சாமுவேல் 6. வாலிபத்தில் எனக்கு இந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. விழப்போவதைப் பிடித்தவனுக்குச் சாவா? பிரசங்கத்தில் இந்தப் பகுதி வந்தால் வேறு பகுதியை எடுத்துக்கொள்வேன். பல வருஷம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். ஊசா யார்? அபினதாபின் மகன். பெட்டி அதுவரை எங்கே இருந்தது? அபினதாபின் வீட்டில். முதல் சாமுவேல் 7-ல் இருபது வருஷம் என்று கணக்குக்கூட வருகிறது. எல்லாருக்கும் அது உடன்படிக்கைப் பெட்டி; ஊசாவுக்கு வீட்டில் கிடந்த சாமான். அதன் பக்கத்தில் சாப்பிட்டிருப்பான், தூங்கியிருப்பான். அவன் நெஞ்சில் அலட்சியம் இருந்தது என்று வேதம் எழுதவில்லை, இது என் யூகம். ஆனால் யோசிக்காமல் கை நீள்கிறதே, அந்தக் கையை எனக்குத் தெரியும். 36 வருஷம் திருவிருந்துப் பாத்திரத்தைப் பிடித்த கை என்னுடையது. சில ஞாயிறுகளில் ‘இது என் சரீரம்’ என்று சொல்லும்போதே கண் கடைசி பெஞ்சில் ஆள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும்.

நீங்கள் பட்டனை அமுக்கினீர்கள், நான் தலையை எண்ணினேன். பூனை என்று உங்களை மட்டும் சொல்லிக்கொள்ளாதேயும்.

மோசே காலத்தில் கோகாத் புத்திரருக்கு ஒரு கட்டளை உண்டு, எண்ணாகமம் 4. பரிசுத்த சாமான்களைச் சுமக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆசாரியர் எல்லாவற்றையும் மூடிக் கட்டிய பிறகே உள்ளே வரவேண்டும், மூடும்போது எட்டிப் பார்க்கவும் கூடாது. தோளில் பாரம் இருக்கும், என்ன சுமக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. இதை நான் தண்டனையாகத்தான் வாசித்து வந்தேன். சுமக்கிறவனைக் காப்பாற்றுவதற்காக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

திரைச்சீலை (மார்த்தாண்டம்)

ஐயா சொன்ன மூடுகிற விஷயத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. நான் மலங்கரைக் கத்தோலிக்கன். எங்கள் வழிபாட்டு முறை சுறியானி, பாஷை தமிழ். பீடத்துக்கு முன்னால் திரை உண்டு, திருப்பலியில் சில இடங்களில் மூடுவார்கள். சின்ன வயதில் அது மூடினால் தவிப்பேன். உள்ளே மணிச் சத்தம் மட்டும் கேட்கும். நீண்ட தடியின் நுனியில் வட்டத் தகடு, சுற்றிலும் குட்டி மணிகள். அதைக் குலுக்குவது வானதூதரின் சிறகோசை என்று அம்மா சொல்லியிருந்தாள். உள்ளே சிறகே இருக்கிறது என்று நம்பினேன்.

ஏழாவது வகுப்பில் பீடச்சிறுவனாகச் சேர்ந்து முதல்முறை திரைக்கு உள்பக்கம் நின்றேன். அச்சன் (எங்கள் குருவானவர்) கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்குக் கீழே சனங்களோடு நிற்கும்போது திரை மூடினால் மறுபடி அதே தவிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவன் நான், இருந்தும். அண்ணன் ஒரு மாசம் கீபோர்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து நின்று பாருங்களேன். உங்கள் கோயிலில்தான், கடைசி பெஞ்சில்.

அலைவாய்க்கரை (தூத்தூர்)

நாலு நாளாக வாசிக்கிறேன். பிரமிப்பு, வியப்பு, அதிசயம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். பயம் என்ற சொல்லைக் கடந்து போய்விடுகிறீர்கள். கட்டைக்காரன் அண்ணனின் பாட்டி செருப்பைக் கழற்றியது அழகாக இருக்கிறது என்றா? பயந்துதான்.

எங்கள் ஊர் கடற்கரை. மாவட்டம் கன்னியாகுமரி, மறைமாவட்டம் திருவனந்தபுரம், பிழைப்பு ஆழ்கடல். சூரிய உதயத்தைப் பார்த்து ‘ஆகா, தேவனின் கைவேலை’ என்று சொல்கிறவர்கள் எல்லாம் கரையில் நிற்கிறவர்கள். கடலுக்குள் போகிறவன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். என் அண்ணன் போன விசைப்படகு ஆறு நாள் தகவல் இல்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை. கோயில் முற்றத்திலேயே கிடந்தோம். ஆறாம் நாள் லட்சத்தீவில் கரையேறிவிட்டதாகப் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்கு அந்தப் போன் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டு நன்றி சொல்லவும் இல்லை.

அண்ணன் வந்து மூன்று மாசம் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. கோபம் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு ஞாயிறு வந்தான், கடைசித் தூணோரம் நின்றான். பூசை முடிந்ததும், முன்னால் வந்திருக்கலாமே என்றேன். “முன்னால போக பயமா இருக்கு” என்றான். யாரைப் பார்த்துப் பயம் என்று நான் கேட்கவில்லை.

மாற்கு 4-ஐ எடுத்துப் பாருங்கள். புயலில் சீடர்கள் பயந்தார்கள், சரி. அவர் காற்றை அடக்கினார், கடல் அமைதியாகிவிட்டது. நியாயப்படி பயம் போயிருக்கவேண்டும். அப்போதுதான் அதைவிடப் பெரிய பயம் பிடிக்கிறது அவர்களை. ‘இவர் யாரோ?’ என்று கேட்கிறார்கள். அத்தனை நாள் கூடவே படுத்துத் தூங்கிய ஆளைப் பார்த்து.

ஊசலாட்டம்

அலைவாய்க்கரை அம்மா, மாற்குவில் அந்த இரண்டாவது பயத்தை இத்தனை வருஷம் வாசித்தும் நான் பார்க்கவில்லை. நன்றி.

குறிஞ்சிக்காடு (மூணாறு)

அக்கா பயம் என்றதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 2006-ல் இராஜமலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது அப்பா தோளில் வைத்துக் காட்டினார். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூத்து, விதை போட்டு, செடியே செத்துப்போகும் என்று சொன்னார். ‘அப்படியானால் இது போன தடவை பூத்த செடி இல்லையா?’ என்று கேட்டேனாம். 2018-ல் மறுபடி பூத்தது, மழை பாதியைக் கெடுத்தது. வெளியூர்களில் இருந்து சபை வாலிபர்கள் பஸ் பஸ்ஸாக வந்து மலை ஏறிச் சங்கீதம் பாடினார்கள். நானும் கூடப் பாடினேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அதே இராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர். கிட்டத்தட்ட எல்லாரும் நம் தமிழ் ஆட்கள். என்னோடு படித்தவர்கள் உண்டு. மண்ணை வெட்டி எடுத்த நாட்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அந்த வாரம் வீட்டில் வேதத்தை எடுத்தேன். வாசிப்பு அட்டவணைப்படி யோபு 38. ‘மழைக்கு ஒரு தகப்பனுண்டோ?’ மூடி வீசினேன், புத்தகத்தின் முதுகு கிழிந்துவிட்டது. அதிசயங்களைப் பட்டியல் போட்டு ஆறுதல் சொல்கிற கடவுள் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

ஒரு வருஷம் கழித்து அதே அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அதில் ஆறுதல் சொல்கிற முயற்சியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யோபு கேட்ட கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது. யாரிடம் கேட்டானோ அவரே நேரில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். இன்னும் எனக்கு அவரோடு சண்டை இருக்கிறது. ஆனால் கட்டைக்காரன் அண்ணே, நீங்கள் சொல்கிற அந்தச் சலிப்பு மட்டும் எனக்கு வந்ததில்லை. அந்த அதிகாரத்தை நான் தூக்கக் கலக்கத்தில் வாசித்ததே இல்லை.

அக்கினிநாவு

தம்பி, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் சாதாரணமாக இப்படிச் சொல்கிறவன் இல்லை.

பனைவிளை

இந்த இழையை ஒரு நாள் மூடி வைத்தாலும் தப்பில்லை.

கட்டைக்காரன்

இரண்டு வாரமாக வரவில்லை. குறிஞ்சிக்காடு தம்பியின் பதிவுக்குப் பிறகு என் பிரச்சினையை எழுதக் கூச்சமாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாசம் லீவு கேட்டேன். “மாசம் முழுக்க கல்யாணம் கிடக்கு, வேற ஆளைக் காட்டிட்டுப் போங்க” என்றார் செயலாளர். வேறு ஆள் இல்லை. பேரம் பேசி ஒரு ஞாயிறு கிடைத்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பதிலாக வாசித்த பையன் இரண்டாவது சரணத்தில் தாளம் விட்டான், அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மீன் விற்கிறவர், எல்லாப் பாட்டையும் ஒரே சுரத்தில் பாடினார். அவர் பாட்டு முடிந்தபிறகும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

சனிக்கிழமை தோவாளைக்குக் கல்யாண மாலை வாங்கப் போகவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று காற்றாடிமலைக்கு வண்டியை விட்டேன். உங்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். பாறையருகே ஒரு குடும்பம் முறைபோட்டுத் தட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகும்வரை நின்றேன். அப்புறம் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன்.

சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம் சுரத்தைப் பிடித்ததுதான். 22 வருஷப் பழக்கம், சொன்னால் போகாது. எஃப் என்று நினைத்தேன். இல்லை, கொஞ்சம் மேலே. எஃப் ஷார்ப்பா? அதுவும் இல்லை. மறுபடி தட்டினேன். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. என் கீபோர்டில் அந்தச் சுரத்துக்குக் கட்டை இல்லை. டிரான்ஸ்போஸ் எத்தனை தடவை அமுக்கினாலும் வராது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. மாலை வாடிவிட்டது, வீட்டில் திட்டு.

ஊசலாட்டம்

தம்பி, போனில் பதிவு செய்தீர்களா? பாறையின் ஓரத்தில் தட்டினீர்களா, நடுவிலா? இடம் மாறினால் ஒலியும் மாறலாம்.

கட்டைக்காரன்

பதிவு செய்யவில்லை சார், போன் வண்டியிலேயே இருந்தது. ஓரமா நடுவா என்றும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன்.

அலைவாய்க்கரை

வண்டியில் இடம் இருந்தால் சொல்லுங்கள் அண்ணே. எங்கள் அண்ணனும் வருகிறானாம்.